அப்பாவின் பெட்டியில் கிடைத்த மூன்று லென்ஸ்களைப் புதிய கேமராவில் மாட்டலாமா?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவருடைய அப்பா தொண்ணூறுகளில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். பரணில் இருந்த அவரது பெட்டியில் யாஷிகா எஃப்எக்ஸ்-3 சூப்பர் 2000 கேமராவும், அதில் மாட்டியிருந்த யாஷிகா எம்எல் 50 மி.மீ. எஃப் 1.9 லென்ஸும், விவிடார் 28 மி.மீ. எஃப் 2.8 ஒன்றும், திருகி மாட்டுகிற வகையைச் சேர்ந்த பென்டகான் 135 மி.மீ. எஃப் 2.8 ஒன்றும் கிடைத்திருக்கின்றன. இவரிடம் இருப்பது சோனி ஏ6400, அதனுடன் வந்த 16-50 கிட் லென்ஸ், கையில் மிச்சம் 10,000 ரூபாய். பழைய லென்ஸ்களை இதில் மாட்ட முடியுமா, மாட்டினால் படம் தேறுமா, எல்லோரும் புகழும் ஹீலியோஸ் என்ற பழைய சோவியத் லென்ஸை வாங்கலாமா, 28-இல் தெரியும் பூஞ்சையை என்ன செய்வது, நண்பரின் நிக்கான் டி.எஸ்.எல்.ஆரிலும் இவை பொருந்துமா, பழைய கேமராவை விற்றுவிடலாமா என்று கேட்கிறார்.

மூன்றையும் மாட்டலாம். 50 மி.மீ. லென்ஸ் அன்றாடம் பயன்படும். 135 சில இடங்களுக்குப் பயன்படும். 28-ஐ நம்பி எதுவும் செய்ய வேண்டியதில்லை. பத்தாயிரத்தை இன்னொரு பழைய லென்ஸில் போடாமல், நல்ல அடாப்டர் இரண்டு, 50-க்கும் 135-க்கும் ஹூட் (பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்கும் மூடாக்கு), காற்றுப் புகாத பெட்டி ஒன்று என்று செலவழித்தால் மீதியும் இருக்கும். இருபது ஆண்டுகளாகப் பழைய லென்ஸ்களை மாட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் நான் கண்டது, படம் கெடும்போது நாம் பழி சொல்வது லென்ஸின் வயதை. உண்மையில் கெடுத்திருப்பது பெரும்பாலும் அடாப்டரின் தடிமனோ, கண்ணாடிக்குள் இறங்கிய ஈரமோதான்.

அடாப்டர் என்பது வெறும் வளையம்தானே என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு கேமராவிலும் லென்ஸ் வந்து உட்காருகிற உலோக முகத்திலிருந்து பிலிம் அல்லது சென்சார் வரைக்கும் ஒரு தூரம் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. எம்42 எனப்படும் திருகு மவுன்டுக்கு (லென்ஸ் மாட்டும் வாய்க்கு) அது 45.46 மி.மீ.; யாஷிகாவின் மவுன்டுக்கு 45.5, நிக்கான் எஃப் மவுன்டுக்கு 46.5. பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையே பிம்பத்தைத் திருப்பிக் காட்டும் கண்ணாடி ஏறி இறங்க இடம் விட வேண்டியிருந்ததால்தான் இவ்வளவு தூரம். உங்கள் மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடியே இல்லை. சோனி இ மவுன்டில் அந்தத் தூரம் 18 மி.மீ. மட்டுமே. மிச்சமிருக்கும் வெற்றிடத்தை நிரப்புவதுதான் அடாப்டரின் வேலை. எம்42-க்கு 45.46-இலிருந்து 18-ஐக் கழித்தால் 27.46 மி.மீ.; யாஷிகாவுக்கு 27.5 மி.மீ. உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் வேண்டாம், குழல் போதும். மிரர்லெஸ் வந்த பிறகு பழைய லென்ஸ்களுக்கு மறுவாழ்வு கிடைத்ததற்குக் காரணம் இந்தக் கழித்தல் கணக்குதான்.

நண்பரின் நிக்கான் டி.எஸ்.எல்.ஆருக்கும் இதே கணக்கு விடை சொல்லிவிடும். அங்கே லென்ஸ் சென்சாரிலிருந்து 46.5 மி.மீ. தள்ளித்தான் உட்காரும், எம்42 லென்ஸுக்கோ 45.46 போதும். ஏற்கெனவே ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் தூரம் கூடிவிட்டதால், மலையோ நிலவோ ஒருபோதும் தெளியாது. நடுவில் ஒரு லென்ஸ் கண்ணாடித் துண்டு வைத்துச் சரிசெய்யும் அடாப்டர்களும் விற்கின்றன. அந்தத் துண்டு கெடுப்பது, லென்ஸ் தருவதைவிட அதிகம். அவர் பழைய நிக்கான் லென்ஸ்களையே தேடட்டும். 1977-க்குப் பிறகு வந்த ஏஐ எனப்படும் லென்ஸ் வகையா என்று கேட்டு வாங்கட்டும். அதற்கு முந்தையவை, மாற்றி அமைக்கப்படாதவையாக இருந்தால், சில டி.எஸ்.எல்.ஆர்களின் மவுன்ட் விளிம்பிலுள்ள சிறு நாக்கை உடைத்துவிடும். கேனான் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கல் குறைவு. அதன் இஎஃப் மவுன்டின் தூரம் 44 மி.மீ. என்பதால் எம்42-க்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு இடம் இருக்கிறது.

இப்போது தடிமனுக்கு வருகிறேன். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எம்42 அடாப்டர் ஒன்றை மலிவாக இணையத்தில் வாங்கி, ஒரு 50 மி.மீ. லென்ஸை அதில் மாட்டிக்கொண்டு ஆழியாறு அணைக்குப் போயிருந்தேன். பக்கத்தில் இருந்த முகங்கள் எல்லாம் பளிச்சென்று வந்தன. லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்பிய பிறகும் அணைக்கு அப்பால் நின்ற மலை மட்டும் தெளியவில்லை. லென்ஸில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, அதைத் திருப்பி விற்கவும் துணிந்துவிட்டேன். கோவை கணபதிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் பழக்கமானவர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் காட்டியபோது, அவர் லென்ஸைத் தொடவே இல்லை. அடாப்டரை மட்டும் கழற்றி வாங்கி, மைக்ரோமீட்டரில் மூன்று இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “எவ்வளவு இருக்கோணுங்க?” என்று கேட்டார். 27.46 என்றேன். “இது அம்பத்தாறு இருக்குதுங்களே, பாயிண்ட் ஒன்னு சாஸ்தி” என்றார்.

பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது பட்டறைக்காரருக்குப் பெரிய அளவு. நமக்கு ஒன்றுமில்லை என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். லென்ஸின் குவியத் தூரத்தைத் தன்னாலேயே பெருக்கி, அதை அந்தக் கூடுதல் தடிமனால் வகுத்தால், அந்த லென்ஸ் அதிகபட்சம் எவ்வளவு தூரம்வரை தெளியும் என்பது கிடைத்துவிடும். 50 மி.மீ. லென்ஸுக்கு 2,500-ஐ 0.1-ஆல் வகுத்தால் 25,000 மி.மீ., அதாவது 25 மீட்டர். அதற்கு மேல் உள்ளதெல்லாம் மங்கல். 28 மி.மீ. லென்ஸாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம், 784-ஐ 0.1-ஆல் வகுத்தால் எட்டு மீட்டருக்கும் குறைவு. தெருவின் எதிர்வீடுகூடத் தெளியாது. என் அடாப்டரை அவர் லேத்தின் சக்கில் (பிடிப்பானில்) பிடித்து, ஒரு முகத்தில் ஒரே ஒரு பேசிங் கட் விட்டு (முகத்தை மெல்லச் சீவி), பிசிறு தட்டிக் கொடுத்தார். அடுத்த வாரமே மலை தெளிந்தது. நீங்கள் இதைச் செய்யத் துணிந்தால் ஒன்றை மறக்க வேண்டாம். இரண்டு முகங்களும் இணையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் படத்தின் இடப்புறம் தெளிந்து வலப்புறம் கலங்கும். அந்தக் கோளாறு, முன்பு இருந்ததைவிடக் கண்டுபிடிக்கக் கடினம்.

இதனாலேயே மலிவு அடாப்டர் செய்பவர்கள் பலர் வேண்டுமென்றே சற்று மெலிதாகக் கடைந்துவிடுகிறார்கள். அப்போது ஃபோகஸ் வளையம் மிகத் தொலைவைக் காட்டும் முடிவிலிக் குறியைத் தாண்டியும் கொஞ்சம் திரும்பும். தொலைவில் உள்ளது தெளியும், ஆனால் லென்ஸின் மேல் பொறித்திருக்கும் மீட்டர் அளவுகளை அப்படியே நம்ப முடியாது. இந்தக் குறையோடு வாழலாம். தடித்த அடாப்டரோடு வாழ முடியாது. வாங்கிய அன்றே மொட்டை மாடிக்குப் போய், ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள செல்போன் கோபுரத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வளையத்தைத் திருப்புங்கள். கோபுரம் தெளிந்து, பிறகு மெல்ல மங்கத் தொடங்கினால் அடாப்டர் தேறியது. தெளிவை எட்டாமலேயே வளையம் நின்றுவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அடாப்டரின் உட்புறம் பளபளப்பாக இருந்தால் அதுவும் ஒரு குறைதான். பக்கவாட்டு வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்துப் படமெங்கும் வெள்ளைப் படலம்போல் பரவும். உட்சுவரில் கறுப்பு வெல்வெட் துணியை ஒட்டிவிட்டால் அடங்கிவிடும்.

உங்கள் பென்டகான் 135-க்கு எம்42 அடாப்டர் வாங்கும் முன்பு லென்ஸின் பின்புறத்தைப் பாருங்கள். மரைக்கு உள்ளே, விளிம்பை ஒட்டிச் சிறிய ஊசி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அது தானியங்கி வகை. அந்த ஊசியை அழுத்தினால்தான் அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) இதழ்கள் மூடும். அதற்கு உட்புறம் விளிம்பு வைத்த அடாப்டராகப் பார்த்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் எஃப் 2.8-லேயே (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) திறந்து கிடக்கும். ஊசி இல்லாமல், முன்புறம் இரண்டு வளையங்கள் இருந்தால் அது இன்னும் பழைய வகை. ஒரு வளையத்தில் அளவைக் குறித்துக்கொண்டு, இன்னொன்றால் திறந்து மூடலாம். அந்த வகையில் 15 இதழ்கள் இருக்கும். இதழ்கள் மிகுதி என்பதால் துளை எவ்வளவு சுருங்கினாலும் வட்டமாகவே இருக்கும். பின்னணியில் தெரியும் வெளிச்சப் புள்ளிகளும் வட்டமாகவே விழும். அது கிடைத்திருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். யாஷிகா லென்ஸில் இந்தத் தொல்லை இல்லை. அடாப்டரில் மாட்டியவுடன், வளையத்தில் வைத்திருக்கும் அளவுக்கு இதழ்கள் தாமாகவே மூடிக்கொள்ளும்.

மாட்டிய பிறகு கேமரா, “லென்ஸ் இல்லை” என்று சொல்லிப் படமெடுக்க மறுக்கும். மின் தொடர்பு இல்லாததால் அதற்கு லென்ஸ் இருப்பதே தெரியாது. மெனுவில் ‘ரிலீஸ் வித்தவுட் லென்ஸ்’ என்பதை அனுமதித்துவிடுங்கள். பிறகு ஏ மோடில் வைத்தால், உள்ளே வருகிற வெளிச்சத்தை அளந்து ஷட்டர் வேகத்தைக் கேமராவே போட்டுக்கொள்ளும். உங்கள் ஏ6400-இன் உடலுக்குள் அதிர்வுத் தடுப்பு இல்லை; கிட் லென்ஸில் இருந்த அந்த வசதியைப் பழைய லென்ஸ் தராது. எனவே தானியங்கி ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்திறன்) வைத்து, ஷட்டர் வேகம் 50-க்கு 125-இல் ஒரு பங்குக்கும், 135-க்கு 250-இல் ஒரு பங்குக்கும் கீழே போகாதபடி கட்டுப்படுத்துங்கள். எந்த அப்பர்ச்சரில் எடுத்தீர்கள் என்பது படத்தோடு பதிவாகாது. வேண்டுமானால் சட்டைப்பையில் ஒரு சீட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோகஸ்தான் பெரும்பாலோர் சலித்து விட்டுவிடுகிற இடம். ஃபோகஸ் பீக்கிங் என்றொரு வசதி இருக்கிறது. தெளிவான விளிம்புகளின் மேல் வண்ணம் பூசிக் காட்டும். தொடங்கும்போது அதை முழுமையாக நம்பிவிடுவோம். அது பார்ப்பது தெளிவை அல்ல, விளிம்பின் வேறுபாட்டை. பவானியில் ஜமக்காளத் தறி ஒன்றின் முன் நின்று எடுத்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் நீலமும் பட்டை பட்டையாக ஓடுகிற அந்தத் துணியில் ஃபோகஸ் நான்கு விரற்கடை தள்ளியிருந்தாலும் பட்டைகளின் ஓரமெல்லாம் மின்னும். நெய்பவரின் முகம் மங்கியிருப்பதை வீட்டுக்கு வந்துதான் காண்பீர்கள். வண்ணத்தையும் இடத்துக்குத் தக்கபடி மாற்ற வேண்டும். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மஞ்சள் நிற பீக்கிங் கண்ணுக்கே தெரியாது, சிவப்பு வேண்டும். சிவப்புத் துணியில் வெள்ளை வேண்டும். நான் பீக்கிங்கைக் கிட்டத்தட்டக் கொண்டுவந்து நிறுத்துவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, முடிவைப் பெரிதாக்கிப் பார்த்தே எடுக்கிறேன். ஃபோகஸ் மேக்னிஃபையரை வலது கட்டைவிரலுக்கு எட்டும் பொத்தானில் அமைத்துக்கொள்ளுங்கள். அழுத்து, கண்ணைப் பார், வளையத்தை மயிரிழை திருப்பு, எடு. ஒரு மாதத்தில் கை பழகிவிடும்.

எவ்வளவு மயிரிழை என்பதற்கும் ஒரு கணக்குச் சொல்கிறேன். உங்கள் சென்சாரில், 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.9-இல் திறந்து, ஒன்றரை மீட்டர் தள்ளி இருப்பவரை எடுத்தால், தெளிவாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ 7 செ.மீ. தான். மூக்கு தெளிந்து காது மங்கும். எஃப் 4-க்கு வந்தால் அது இரண்டு மடங்காகும். 135-ஐ எஃப் 2.8-இல் வைத்து ஐந்து மீட்டரில் நிற்கும் காங்கேயம் காளையை எடுத்தால் 15 செ.மீ. கிடைக்கும், கண்ணில் ஃபோகஸ் வைத்தால் கொம்பின் நுனி மங்கிவிடும். வெள்ளக்கோவில் அருகே கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் நான் இந்தத் தவறைப் பல தடவை செய்திருக்கிறேன். மாடு தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும், எல்லாம் போயிற்று. அங்கே இப்போது எஃப் 5.6-க்குக் குறைவாக வைப்பதில்லை.

சந்தையில் நடந்துகொண்டே எடுப்பதற்கு வேறொரு வழி உண்டு. 50 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து, ஃபோகஸை ஐந்து மீட்டரில் நிறுத்திவிட்டால், 3.8 மீட்டரிலிருந்து 7.3 மீட்டர்வரை இருப்பதெல்லாம் ஏற்கத்தக்க தெளிவோடு வரும். பிறகு வளையத்தைத் தொடவே வேண்டாம். ஆளோ மாடோ அந்த எல்லைக்குள் வரும்போது அழுத்தினால் போதும். தானியங்கி ஃபோகஸைவிட இது வேகமானது, ஏனென்றால் ஃபோகஸ் செய்யும் வேலையே இல்லை. லென்ஸின் மேல் இதற்கென்றே இருபுறமும் கோடுகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவை பிலிம் அளவுக்காகக் கணக்கிடப்பட்டவை; உங்கள் சென்சார் சிறியது என்பதால் எஃப் 8-இல் எடுக்கும்போது 5.6-க்குரிய கோடுகளைப் பாருங்கள்.

சென்சார் சிறியது என்பதன் இன்னொரு விளைவு, பார்வைக் கோணம் குறுகுவது. 50 மி.மீ. லென்ஸ், பிலிம் கேமராவில் 75 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவைக் காட்டும். 135 லென்ஸ் 200-ஐ ஒட்டி வரும். 28 லென்ஸ் 42-க்கு வந்துவிடும். பேரூர் பட்டீசுவரர் கோயிலின் கனகசபையில் தூணோடு இணைந்து நிற்கும் சிற்பங்களில் ஒன்றன் முகத்தை மட்டும் எடுக்க 50 அருமையாக இருக்கும்; அனுமதி கேட்டுக்கொண்டு எடுங்கள். மண்டபம் முழுவதும் வேண்டுமென்றால் பழைய லென்ஸ்களில் மலிவாக எதுவும் இல்லை. உங்கள் கிட் லென்ஸின் 16 மி.மீ. முனைதான் அதற்கு உரியது. பழைய அகலக் கோண லென்ஸ்கள் மீது எனக்குப் பெரிய மதிப்பு இல்லை. அக்காலத்தில் அவற்றை வடிவமைப்பது கடினமாக இருந்தது. ஓரங்கள் இழுபட்டிருக்கும், எதிர்வெளிச்சத்தில் கலங்கும். 50 மி.மீ. அப்படியல்ல. இரட்டை காஸ் என்று சொல்லப்படும் அமைப்பு 1896-இல் வந்த பிளானார் லென்ஸிலிருந்தே செம்மைப்பட்டு வந்தது. கேமராவோடு சேர்த்து விற்கப்பட்ட லென்ஸ் என்பதால் இலட்சக்கணக்கில் செய்யப்பட்டது. மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் எண்ணிக்கை மிகுதியே தவிர, தரக்குறைவு அல்ல.

உங்கள் யாஷிகாவின் பெயரில் உள்ள எம்எல் என்ற எழுத்துகள் பல அடுக்குப் பூச்சைக் குறிப்பவை. அதே நிறுவனத்தின் டிஎஸ்பி வகையில் பூச்சு ஓரடுக்குதான். நல்லவேளையாக உங்களிடம் இருப்பது மேலான வகை. அப்படியும், இன்றைய லென்ஸோடு ஒப்பிட்டால் எதிர்வெயிலில் சற்று வெளுக்கும். முழுவதும் திறந்து எடுக்கும்போது கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் ஓரங்களில் ஊதா நிறக் கசிவு இருக்கும். தென்னங்கீற்றுக்கு நடுவே வானம் தெரியும் பொள்ளாச்சித் தோப்புகளில் இது நன்றாகவே தெரியும். எஃப் 4-க்கு மூடினால் பெரும்பாலும் மறைந்துவிடும். ஹூட் மாட்டினால் வெளுப்பு குறையும். சென்சாரின் பரப்பு பிலிமைவிடப் பளபளப்பானது என்பதால், சில லென்ஸ்களில் நன்றாக மூடி வெயிலுக்கு எதிரே எடுக்கும்போது படத்தின் நடுவில் வெளிறிய பொட்டு ஒன்று விழும். அது லென்ஸின் கோளாறு அல்ல, கோணத்தை மாற்றுங்கள்.

இனிப் பூஞ்சை. கடைக்காரர்கள் இதை ‘பங்கஸ்’ என்பார்கள். இருட்டறையில் செல்போன் விளக்கை லென்ஸின் பின்புறமிருந்து சாய்வாக அடித்து, முன்புறமிருந்து பாருங்கள். அப்பர்ச்சர் முழுவதும் திறந்திருக்க வேண்டும். சிலந்தி வலைபோல் கிளைவிட்டுப் போயிருப்பது பூஞ்சை. பால்விட்டதுபோல் சீராகப் படர்ந்திருப்பது எண்ணெய் ஆவி படிந்த மங்கல். ஓரத்தில் வானவில் வண்ணம் தெரிந்தால், ஒட்டிய இரு கண்ணாடிகளுக்கிடையே பசை விட்டிருக்கிறது. தூசி நான்கைந்து இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். மங்கலைத் துடைத்துவிடலாம். பசை விட்டதை நம் ஊரில் மலிவாகச் சரிசெய்ய வழியில்லை. பூஞ்சையைத் துடைத்தாலும், அது வெளியிட்ட அமிலம் பூச்சை அரித்திருந்தால் தடம் மாறாது. உங்கள் விவிடாரில் பூஞ்சை முன்புறக் கண்ணாடியின் உட்பக்கம் என்கிறீர்கள். பெயர் பொறித்த வளையத்தைக் கழற்றினால் எட்டிவிடும் இடமாக இருக்கலாம் என்பதால், பழகிய பழுதுநீக்குபவர் ஒருவரிடம் கூலி கேட்டுப் பாருங்கள். கூலி ஆயிரத்தைத் தாண்டினால் விட்டுவிடுங்கள், 42 மி.மீ. பார்வைக்காக அவ்வளவு செலவழிக்க வேண்டாம், கிட் லென்ஸில் அந்தப் பார்வை ஏற்கெனவே இருக்கிறது. விவிடார் தானே லென்ஸ் செய்த நிறுவனம் அல்ல. வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் செய்தவரைச் சொல்லும். 22 என்றால் கிரோன், 28 என்றால் கோமின், 37 என்றால் டோக்கினா. ஆர்வத்துக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூஞ்சை விழுந்ததற்கு, லென்ஸ் போட்டு வைத்திருந்த தோல் உறைதான் காரணமாக இருக்கும். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கோவையும் ஈரோடும் வறண்ட ஊர்கள், இங்கே பூஞ்சை பிடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றையும் ஐப்பசி அடைமழையையும் மறந்துவிடுகிறார்கள். வால்பாறைக்குப் போய்வந்தால் நனைந்த பையை மூடியபடி வைக்கவே கூடாது. உறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் லென்ஸ்களை வைத்து, நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரமானியும் போடுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு இருந்தால் போதும். நீல ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடியும் போடலாம். சமையலுக்கு அந்த வாணலியைத் திரும்ப எடுக்க வேண்டாம். பாச்சா உருண்டையும் சூடமும் வேண்டவே வேண்டாம், அவற்றின் ஆவி கண்ணாடியில் படியும். பூஞ்சை பிடித்த லென்ஸைத் துடைத்து முடிக்கும்வரை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள்.

ஹீலியோஸ் 44-2 பற்றிக் கேட்டீர்கள். 58 மி.மீ. எஃப் 2; ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்து பயோட்டார் லென்ஸைப் பார்த்துச் சோவியத் ஒன்றியத்தில் பெரும் எண்ணிக்கையில் செய்யப்பட்டது. பின்னணி சுழன்று ஓடுவதுபோல் வரும் என்பதே அதன் புகழ். அந்தச் சுழல் உண்டாவது படத்தின் ஓரங்களில். அங்கே வெளிச்சப் புள்ளிகள் வட்டத்திலிருந்து நசுங்கி, பூனைக்கண் வடிவில் நடுவைச் சுற்றி வரிசைகட்டி நிற்பதால்தான் சுழல்போல் தோன்றுகிறது. உங்கள் சென்சார் அந்த ஓரங்களை வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எனவே மற்றவர்கள் ஃபுல் ஃபிரேமில் (பிலிம் அளவுக்குச் சென்சார் உள்ள கேமராவில்) எடுத்துப் போடும் படங்களைப் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். சுழலில் பாதிகூட வராது. மீதியை உங்களிடம் இருக்கும் 50 ஏற்கெனவே தரும். பின்னாளில் ஃபுல் ஃபிரேம் வாங்கினால் அப்போது தேடுங்கள். தேடும்போது பென்டாக்ஸ் நிறுவனத்தின் எம்42 டாகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 மஞ்சள் பூத்துக் கிடப்பதைக் கண்டு அஞ்சிவிடாதீர்கள். அந்தக் கண்ணாடியில் கலந்துள்ள தோரியம் காலப்போக்கில் உண்டாக்கும் நிறம் அது. சில நாள் வெயில் பட்டால் பெரிதும் தெளிந்துவிடும். லென்ஸ் வெயிலைக் குவித்துத் துணியைப் பற்றவைக்காதபடி ஒரு முனையை அலுமினியத் தாளால் மூடிவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கூலிக்குத் திருமணம் எடுக்கப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதற்குப் பழைய லென்ஸை நம்ப வேண்டாம். தாலி கட்டும் நொடி மேக்னிஃபையரை அழுத்தும்வரை காத்திருக்காது. தானியங்கி ஃபோகஸுள்ள 50 எஃப் 1.8 ஒன்றைச் சேர்த்து வாங்கிய பிறகு அந்த வேலைக்குப் போங்கள். அசையாத முகம், நெசவு, சிற்பம், பாத்திரக் கடை, வயல்வெளி, கையால் ஃபோகஸ் இழுக்க வேண்டிய வீடியோ ஆகியவற்றுக்கு அப்பாவின் 50 போதும்.

எஃப்எக்ஸ்-3-ஐ விற்க வேண்டாம். விற்றால் கையில் கிடைப்பது மிகச் சொற்பம். அதன் மேல்தோல் உதிர்ந்து கையில் ஒட்டுவது அந்த வகையின் பொதுவான குறை. உட்கதவு ஓரத்திலுள்ள கறுப்பு ஸ்பான்ஜும் பிசுபிசுத்திருக்கும். இரண்டையும் மாற்றுவது ஒரு மாலைநேர வேலை. ஷட்டர் முழுவதும் இயந்திரத்தால் இயங்குவது. மின்கலம் வெளிச்ச அளவிக்கு மட்டுமே. பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, ஒரு நொடியில் தொடங்கி 2000-இல் ஒரு பங்குவரை ஒவ்வொரு வேகத்திலும் ஒரு தடவை அழுத்திக் கேட்டுப் பாருங்கள். ஒரு நொடி வேகத்தில் திரை பாதியில் நிற்காமல் முழுவதும் ஓடி மூடினால், அப்பாவிடமே அதைக் கொடுத்து ஒரு ரோல் போட்டுத் தரச் சொல்லுங்கள்.